‘உள்ளது உள்ளபடி’: வங்கி ஏலமும் பாழடைந்த வீடும்

பணி ஓய்வு பெற்ற என் பேராசிரியர் ஒருவர் சென்ற மாதம் ஒரு வங்கியின் ஏல அறிவிப்பை எனக்கு அனுப்பினார். காஸியாபாத்தில் நாற்பது ஆண்டுப் பழமையான வீடு. குறைந்தபட்ச ஏலத் தொகை 72 லட்சம் ரூபாய். “அதே தெருவில் நல்ல நிலையிலுள்ள வீடு ஒரு கோடிக்கு மேல் போகிறது. பதினைந்து லட்சத்தில் செப்பனிட்டுக் குடியேறிவிடலாம் அல்லவா? கடன் மீட்புச் சட்டத்தில்தானே ஆய்வு செய்கிறாய், சொல்” என்றார். முப்பத்தைந்து ஆண்டுப் பணியின் பணிக்கொடையும் வைப்பு நிதியும் அந்தக் கேள்விக்குள் இருந்தன. அவருக்கு நான் எழுதிய விடையைச் சற்று விரித்து இங்கே பதிகிறேன். இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் உதவிப் பேராசிரியர்கள் நம்மிடையே பலர் இருப்பதை அறிவேன்.

அந்தக் கணக்கு அவருடையதன்று. ஏல வீட்டைச் சந்தை விலைக்கு முப்பது விழுக்காடு குறைவாக வாங்கலாம் என்று பத்து நிமிடக் காணொளிகளில் நாள்தோறும் பாடம் நடத்துகிறார்கள். வங்கி விற்கிறது, ஆகவே பத்திரம் சுத்தமானது என்பது அப்பாடத்தின் முதல் வாக்கியம். அந்த முதல் வாக்கியமே பிழை.

ஏல அறிவிப்பின் அடியில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், ஒரு தொடர் இருக்கும்: எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படி, எதுவாக உள்ளதோ அதுவாக. பார்வைக்கு இது சடங்குச் சொல் போலத் தோன்றும். உண்மையில் விற்பனையின் முழுப் பொருளும் அதற்குள் அடங்கியிருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, தனக்குத் தெரிந்ததும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டை விற்றால் அவருக்கு இருக்கும் அந்தக் கடமையை, மூன்று சொற்றொடர்களால் உதறிவிட்டு நிற்கிறது வங்கி. அதுவும் எத்தகைய வங்கி? அந்த வீட்டின் மூலப்பத்திரத்தை ஆண்டுக்கணக்கில் தன் பெட்டகத்தில் வைத்திருந்த வங்கி. கடன் தரும்போது வழக்கறிஞரின் கருத்துரையையும் பொறியாளரின் மதிப்பீட்டையும் கடனாளியின் செலவிலேயே வாங்கிக்கொண்ட வங்கி. விற்கும் நாளில் மட்டும் அதற்கு எதுவும் தெரியாது.

பாழடைந்த வீட்டை வாங்குபவருக்கு இந்த அறியாமை நாடகம் மிகக் கொடியது. பேராசிரியர் அனுப்பிய அறிவிப்பில் ‘குறியீட்டு சுவாதீனம்’ என்று இருந்தது. அதாவது, கதவில் அறிவிப்பை ஒட்டியாயிற்று, நாளிதழில் விளம்பரம் வந்தாயிற்று. வீட்டுக்குள் கடனாளியோ வாடகைதாரரோ வேறெவரோ இன்னும் வசிக்கிறார்கள். ‘பார்வையிட விரும்புவோர் அலுவலரை அணுகலாம்’ என்ற வரி இருந்தது. அணுகினோம். அலுவலர் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று வீட்டைக் காட்டினார். குறை சொல்லவில்லை, அவரும் உள்ளே போக முடியாதவர்தான்.

தெருவிலிருந்து என்ன தெரியும்? சுண்ணாம்பு உதிர்ந்த முகப்பும், அரசங்கன்று முளைத்த கைப்பிடிச் சுவரும் தெரியும். செலவை முடிவு செய்பவை தெரியாதவை. நாற்பது ஆண்டுக் கான்கிரீட்டுக்குள் காற்றின் கரியமில வாயு மெல்ல ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. கம்பியைக் காத்து நின்ற காரம் போனதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. தளத்தின் அடிப்பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்திருந்தால் பூசிவிடலாம். உத்தரங்களின் கம்பி பாதியாக மெலிந்திருந்தால் அது செப்பனிடுதலன்று, இடித்துக் கட்டுதல். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தட்டிப் பார்த்தும், துளையிட்டு மாதிரி எடுத்தும்தான் அறிய முடியும். உள்ளே நுழையாமல் எந்தப் பொறியாளரும் சொல்ல இயலாது. அந்தப் பதினைந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று பேராசிரியரைக் கேட்டேன். காணொளியிலிருந்து வந்திருந்தது.

இங்கேதான் என் முதன்மையான குற்றச்சாட்டு. சட்டம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. 2002ஆம் ஆண்டின் பிணையுரிமை அமலாக்க விதிகளில் 8ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். சுவாதீனம் எடுத்த சொத்தை, சாதாரண விவேகமுள்ள உரிமையாளர் எப்படிப் பேணுவாரோ அப்படிப் பேண வேண்டும் என்கிறது அது. விற்குமுன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு பெற வேண்டும் என்கிறது. சொத்தின் தன்மையையும் மதிப்பையும் வாங்குபவர் அறியத் தேவையானவற்றை அறிவிப்பில் சேர்ப்பதற்கும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் எது தேவையானது என்று தீர்மானிப்பவர் வங்கியின் அலுவலரே. விளைவு, மதிப்பீட்டு அறிக்கை கோப்பில் உறங்குகிறது, அதிலிருந்து எடுத்த ஓர் எண் மட்டும் விளம்பரத்தில் வருகிறது. முழுச் சுவாதீனம் எடுத்துப் பூட்டிய வீடுகளிலும், ஓடு சரிந்து மூன்று மழைக்காலம் நனைந்த கூடங்களை என் களப்பணியில் கண்டிருக்கிறேன். விவேகமுள்ள எந்த உரிமையாளர் அப்படி விடுவார்?

காலமும் வாங்குபவருக்கு எதிராகவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஏலம் உறுதியானால் அன்றோ மறு வேலை நாளிலோ விலையில் 25 விழுக்காடு, முன்வைப்புத் தொகை உட்படச் செலுத்தியாக வேண்டும். மீதி 75 விழுக்காடு, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15 நாளில். வங்கி எழுத்து மூலம் இசைந்தால் மூன்று மாதம் வரை நீளலாம். இசைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. உட்புறம் எவரும் காணாத வீட்டுக்கு 15 நாளில் வீட்டுக்கடன் வாங்கிப் பாருங்கள். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா தொடர்பான வழக்கில், மறு ஏலத்தில் வங்கிக்குக் கூடுதல் விலை கிடைத்துவிட்டது; ஆகவே முழுத் தொகையையும் பறிப்பது முறையன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. 2024 பிப்ரவரி 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளி, 25 விழுக்காடு முழுவதையும் வங்கி பறிமுதல் செய்தது சரியே என்றது. ஏலத்தின் நம்பகத்தன்மை காக்கப்பட வேண்டும் என்ற நீதிமன்றத்தின் கவலை எனக்குப் புரிகிறது. அந்த நம்பகத்தன்மை ஏன் ஒரு தரப்பை மட்டுமே கட்டுகிறது என்பதுதான் புரியவில்லை.

பணம் முழுவதையும் கட்டியவர் பாடு? உள்ளே இருப்பவரை வெளியேற்ற மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி 14ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்க வேண்டும். 30 நாள், மிஞ்சினால் 60 நாள் என்று சட்டம் கெடு வைத்திருந்தாலும், அது வழிகாட்டும் கெடுவே என 2020இல் உச்சநீதிமன்றம் விளக்கிவிட்டது. உள்ளே இருப்பவர் முறையான வாடகைதாரர் என்றால், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தரும் காப்பை இந்தக் கடன் மீட்புச் சட்டம் அழித்துவிடாது என்பது 2016ஆம் ஆண்டின் விஷால் கல்சாரியா தீர்ப்பு. அது நியாயமான தீர்ப்பு. ஆனால் வாடகைதாரர் இருப்பதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது யார்? பழைய உரிமையாளர் விட்டுப்போன மின்கட்டண பாக்கியும் புதியவர் தலையில் விழலாம் என்று 2023 மே மாதத் தீர்ப்பு சொல்கிறது.

அனுமதியில்லாத மாடி இன்னொரு கண்ணி. காஸியாபாத் வீட்டின் மேல்மாடி மற்றவற்றோடு ஒட்டாமல், வேறு செங்கல்லில் இருந்தது. கட்டட நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பின்னரே கட்டடத்தின் பேரில் வங்கிகள் கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில், மீரட் நகர வழக்கொன்றில், உச்சநீதிமன்றம் பணித்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் பாராமல் கொடுத்த கடன்களின் வீடுகள்தாம் இனி ஏலத்துக்கு வரப்போகின்றன. செப்பனிட அனுமதி கேட்டு மாநகராட்சிப் படியேறும் புதிய உரிமையாளரே அந்த விதிமீறலைத் தம் கையால் அரசுக்கு அறிவித்துக்கொள்வார்.

பொருளியல் துறை நண்பர்கள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: இடர் உண்டு, அதனால்தானே விலை குறைவு, தெரிந்தே வாங்குபவர் ஏன் முறையிட வேண்டும்? ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய மகிழுந்துச் சந்தையைக் கொண்டு விளக்கியதை அவர்களுக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் நல்ல பொருளும் கெட்ட பொருளின் விலைக்கே போகும். ‘இடருக்கான தள்ளுபடி’ என்று நாம் அழைப்பதில் ஒரு பெரும்பங்கு, வெளியிடாத ஓர் அறிக்கையின் விலை. அறிக்கை இருக்கிறது, மறைக்கப்பட்டிருக்கிறது. இயற்கையான இடரையும் இப்படி ஆக்கப்பட்ட இடரையும் ஒன்றாக எண்ணலாகாது. உள்ளூர் ஆள்பலமும் அலுவலகத் தொடர்பும் உள்ள தரகர்களுக்கு இந்த இருட்டு ஆதாயம். ஓய்வூதியப் பணத்தோடு வருபவருக்கு அது கிணறு.

அந்தத் தள்ளுபடியைச் செலுத்துபவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். வங்கியன்று. ஏலத்தில் கிடைத்த தொகை கடனுக்குப் போதாவிட்டால், மீதியை அதே கடனாளியிடமிருந்து வசூலிக்கக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாடும் உரிமை வங்கிக்கு உண்டு. வீட்டையும் இழந்து, மலிந்த விலையின் பற்றாக்குறையையும் அவரே சுமக்கிறார். அந்த வீட்டின் சன்னலுக்குப் பின் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன என்று பேராசிரியர் பிறகு சொன்னார். நான் அதைக் கவனிக்கவில்லை.

மதிப்பீட்டு அறிக்கையையும், உள்ளே வசிப்போரின் விவரத்தையும், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், நிலுவைக் கட்டணச் சான்றுகளையும் ஏல அறிவிப்போடு வெளியிட வேண்டும். ஏலத்துக்கு முன் ஒரு நாளேனும் பொறியாளருடன் உள்ளே நுழைய வழி செய்ய வேண்டும். அது இயலாத வீட்டை விற்கவே கூடாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, 8ஆம் விதியில் ஒரு திருத்தம் போதும். சட்டப் புலங்களில் இருப்போர் இதை ஒரு கோரிக்கையாக வரைந்து நிதி அமைச்சகத்துக்கு அனுப்ப முன்வந்தால் முதல் வரைவை நான் தருகிறேன்.

பேராசிரியரின் பெயரால் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு அந்த வங்கிக்கு எழுதினோம். ஆறாம் நாள் பதில் வந்தது. ஏல அறிவிப்பின் நகலை இணைத்து, அந்தத் தொடரின் கீழ் மஞ்சள் கோடு இட்டிருந்தார்கள். முன்வைப்புத் தொகை 7 லட்சத்து 20 ஆயிரத்தை அவர் கட்டவில்லை.