பெண் பெற்றவள் குற்றவாளியா?

"மூன்றாவதும் பெண்ணா?" என்று முகம் சுளிக்கிறாள் மாமியார். மறுமணம் பற்றி மெல்லப் பேச்செடுக்கிறது சுற்றம். பெற்றவளோ குற்றக் கூண்டில் நிற்பவள் போல் தலை குனிகிறாள். என்ன குற்றம் செய்தாள் அவள்?

இந்த வழக்குக்கு என்றோ தீர்ப்பெழுதியது மனுதர்மம்! பெண்மக்களையே பெறுபவளைப் பதினோராம் ஆண்டில் ஒதுக்கி வேறொருத்தியை மணக்கலாம் என்கிறது அதன் ஒன்பதாம் அத்தியாயம். தீர்ப்பு வந்தது, சாட்சி விசாரிக்கப்பட்டதா? இல்லை! நாம் விசாரிப்போம். சாட்சி, நம் உடலின் உயிரணு.

உயிரணுவின் உட்கருவிலே நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. மரபுப் பண்புகளைத் தாங்கும் ஜீன்கள் அவற்றில்தாம் வரிசையாக அமைந்துள்ளன. மனிதருக்கு அவை 46 என்று 1956இல் சரியாக எண்ணி அறிவித்தனர் ஜியோவும் லெவானும். 46 என்றால் 23 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. 22 இணைகள் இருபாலார்க்கும் பொது. எஞ்சிய ஓர் இணையே பால் வகுப்பது. வழக்கமாகப் பெண்ணுக்கு அது இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய்.

கருமுட்டையும் விந்தணுவும் உருவாகையில் இணைகள் பிரிகின்றன. தாய் தருவது எக்ஸ் மட்டுமே. ஒய் அவளிடம் இல்லை. இல்லாததை எங்ஙனம் தருவாள்? தந்தையின் விந்தணுக்களிலோ ஏறத்தாழப் பாதி எக்ஸ் ஏந்தியவை, பாதி ஒய் ஏந்தியவை. கருமுட்டையோடு கூடுவது எதுவோ, அதுவே ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது!

1905இல் மாவுப்புழு வண்டின் அணுக்களை ஆராய்ந்து, பால் வேற்றுமைக்கு அடிப்படை குரோமோசோமே என்று காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஆம், பெண்மீது சுமத்திய பழியைப் பொடியாக்கும் சான்று ஒரு பெண்ணின் நுண்ணோக்கியிலே தெரிந்தது!

அப்படியானால் தந்தைதான் குற்றவாளியோ? அதுவுமன்று! எந்த அணு முந்தும் என்பது அவன் ஆணைக்கு அடங்கியதன்று. பெண் பிறப்பதே குற்றமன்று என்னும்போது குற்றவாளி ஏது? அதைக் குற்றமென்று கருதும் மனமே குற்றவாளி!

அந்த மனம் கொடியது, தோழர்களே! அதனிடமிருந்து பெண் சிசுக்களைக் காக்கவே தமிழ்நாட்டில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்டது. கருவிலேயே பெண்ணென்று கண்டு அழிப்பதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்தது. விஞ்ஞானக் கருவி கைக்கு வந்தும் விஞ்ஞான அறிவு கருத்துக்கு வராத கேடு இது!

இளைஞர்களே! மணமேடை ஏறுமுன் அந்த இருபத்து மூன்றாம் இணையை அறிந்துகொள்ளுங்கள். பெற்றவளைப் பழிப்போர் உங்கள் இல்லத்திலேயே இருப்பினும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒய் எவரிடமிருந்து வரும்?