கடற்காற்றைப் பிள்ளைகள் படிக்கட்டும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கைக் கடலில் காற்றாலைகள் அமைப்பதற்கான வழிவரைபடத்தை உலக வங்கிக் குழுமம் 2023இலேயே வெளியிட்டுவிட்டது. நாளை நம் கடலில் எதை, எங்கே அமைப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் இன்று ஆரம்ப வகுப்புகளில் இருக்கிறார்கள்.

உலகின் முதல் கடற்காற்றாலைத் தொகுதியை டென்மார்க் 1991இல் விண்டெபியில் நிறுவியது. கடலடியில் தூண்களை அறையும் ஓசை கடற்பாலூட்டிகளை விரட்டுகிறது; அதைத் தணிக்கக் காற்றுக்குமிழித் திரை எழுப்புகிறார்கள். நட்ட தூண்களிலோ மட்டிகள் ஒட்டுகின்றன, மீன்கள் கூடுகின்றன. இந்த இரு பக்கங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடம் இதற்குப் பொருத்தமானது. கடதாசிக் காற்றாடியைச் சோளகத்தில் சுழலவிடலாம். நீர் நிறைந்த வாளிக்குள் இரு கற்களைத் தட்டி, வாளியின் பக்கத்தில் காதை வைத்து ஓசையைக் கேட்கச் செய்யலாம். பாக்குநீரிணையில் கடற்புல் மேயும் கடற்பசு அருகிவருவதைக் கடற்றொழிலாளர் ஒருவரே வகுப்புக்கு வந்து விளக்கலாம்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு வராதது என்று இதை ஒதுக்கக் கூடாது. தீவகப் பாடசாலைகளிலிருந்தே மாகாணக் கல்வித் திணைக்களம் இதைத் தொடங்க வேண்டும்.