உம் கொட்டும் பிள்ளைகள்

கதை கேட்கும் பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் அமுச்சி வகுத்த சட்டம். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். “கண்ணு, தூங்கிட்டயா? நரி எங்க போச்சுன்னு சொன்னேன்?” என்று கேள்வி பிறக்கும். சரியான பதில் வந்தால்தான் நரி மேற்கொண்டு நடக்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்த மூதாட்டி, கேட்பவரின் மனம் கதையோடு வருகிறதா என்று அறியும் கலையில் தேர்ந்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பாடம் ஒன்றைத் தங்குதடையின்றி வாசித்தாள். ஓர் எழுத்தும் பிழையில்லை. மகிழ்ந்துபோய், “சினமுற்ற அரசன் என்ன செய்தான்?” என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். “ராசாவுக்குக் கோவம் வந்துச்சே, அப்புறம் என்ன செஞ்சாரு?” என்று மாற்றிக் கேட்டேன். “கோவமுங்களா டீச்சர்! மந்திரிய வெளிய போகச் சொல்லிட்டாருங்க” என்று முகம் மலர்ந்தாள். தவறு அவளுடையதன்று. அந்தச் சொல்லை அவள் கண் கண்டிருந்தது, காது கேட்டதில்லை.

நாம் வீட்டில் ‘போயிட்டானுங்க’ என்கிறோம். புத்தகம் ‘சென்றான்’ என்கிறது. கொங்குத் தமிழின் இனிமைக்கு ஈடில்லை. ஆயினும் வீட்டுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் இடையே ஓர் ஓடை ஓடுகிறது. உரக்கப் படித்துக் காட்டும் கதையே குழந்தை அதைக் கடக்க ஏற்ற பாலம் என்பது என் தாழ்மையான கருத்து. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கென்று தனியே 42ஆம் அதிகாரத்தையும் வகுத்தது காரணமின்றி அன்று.

கேட்டறிதல் நம் மண்ணுக்குப் புதிதன்று. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடிய ஊர்கள் இவை. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் வட்டாரத்தில் அக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது பல இரவுகள் தேவைப்பட்டன. எழுத்தறியாதவர்களும் அத்துணை நீண்ட கதையை மனத்தில் இருத்திக் கேட்டார்கள்.

குஜராத்தின் பவநகரில் 1920-ல் பாலமந்திரைத் தொடங்கியவர் கிஜுபாய் பதேகா. ‘பகல் கனவு’ எனத் தமிழில் வந்துள்ள அவருடைய நூலில், கூச்சலிடும் வகுப்பை ஆசிரியர் அடக்குவது பிரம்பால் அன்று, கதையால்.

“கதை படித்துக்கொண்டிருந்தால் போர்ஷனை முடிப்பது எப்போது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கின் வாசகமே விளங்காத பிள்ளைக்குக் கூட்டல் தெரிந்து என்ன பயன்? கேட்டுப் புரிந்துகொள்ளும் பழக்கம் எல்லாப் பாடங்களுக்கும் அடித்தளம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் அதற்கு ஒதுக்குவது வீணாகாது.

படிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். புத்தகச் சொற்களை மாற்றாமல் படிப்போம். பொருளைக் குரலாலும் முகபாவத்தாலும் விளக்குவோம். கதை திரும்பும் இடத்தில் நிறுத்தி, “இனி என்ன நடக்கும்?” என்று கேட்போம். அரசன் பெயரை ஒப்புவிப்பதைவிட அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று சிந்திப்பது மேல். பிறகு குழந்தை தன் சொந்தப் பேச்சில் கதையைத் திரும்பச் சொல்லட்டும். மதிப்பெண் வேண்டாம், டிக்டேஷனும் வேண்டாம்.

பெற்றோர்களே! ஷிப்டு முடிந்து களைத்து வருகிறீர்கள் என்பதை அறிவேன். எனவே குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிடுகிறோம். அதுவும் அழகாகக் கதை சொல்கிறது. ஆனால் ‘உம்’ நின்றுபோனாலும் அது நிற்பதில்லை. படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைச் சொல்லச் சொல்லி நீங்கள் ‘உம்’ கொட்டுங்கள்.

மேல்வகுப்பு மாணவியரே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் வெள்ளிதோறும் கடைசிப் பீரியடில், கதைப் புத்தகத்துடன் முதல் வகுப்புக்கு வாருங்கள். ஆளுக்கு நான்கு தங்கைகள். நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். அவர்களுடைய ‘உம்’ வரும்வரை காத்திருங்கள்.