வெறுங்கையோடு திரும்பும் உரிமை

ஐதராபாத்தில் விற்பனைக்கு நின்ற ஒரு காரின் படங்களைச் சென்ற ஆண்டு என் தமக்கையின் மகன் எனக்கு அனுப்பியிருந்தான். 2018ஆம் ஆண்டில் பதிவான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், சிவப்பு நிறம், 64,000 கிலோமீட்டர் ஓடியது. சென்னையில் அதே வகை வண்டிக்குக் கேட்கப்பட்ட விலையைவிட இரண்டு லட்சம் ரூபாய் குறைவு. "இன்று இரவுக்குள் 50,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் நமக்காக நிறுத்தி வைப்பார்களாம், மாமா" என்றான். அவனுடைய ஆறு ஆண்டுச் சேமிப்பும், வங்கியில் கேட்கவிருந்த கடனும் அந்த ஒரு வண்டியை எதிர்நோக்கி நின்றன. நான் அவனிடம் கேட்டது ஒரு வார அவகாசம் மட்டுமே.

அந்த ஒரு வாரத்தில் கற்றதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தொலைவில் இருக்கும் காரை வாங்க நினைப்பவர் முதலில் ஒதுக்க வேண்டியது முன்பணத்தை அன்று. நேரில் சென்று பார்ப்பதற்கும், மனம் ஒப்பாவிட்டால் வாங்காமலே திரும்பி வருவதற்கும் ஆகும் தொகையைத்தான். அத்தொகையை வீண்செலவு என்று கருதுபவர், காரின் விலையைத் தாம் நிர்ணயிக்கும் வலிமையை விற்பவரிடமே ஒப்படைத்துவிடுகிறார் என்பது என் கருத்து.

எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும் என்றாலும், விசைமிக்க கார்களுக்கு இருமடங்கு பொருந்தும். ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவுக்கு முதலில் வந்தது 2004இல். பிறகு 2017இல் 230 குதிரைத்திறனோடு மீண்டும் வந்தபோது அதன் காட்சியக விலை 24.62 லட்சம் ரூபாயில் தொடங்கியது. 2020இல் வந்த 245 குதிரைத்திறன் வகை இந்நாட்டுக்கு 200 வண்டிகள் மட்டுமே. எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதால், விரும்பியவர் தம் ஊரிலேயே தேடிப் பெற இயலாது. பிற மாநிலங்களுக்குச் செல்ல நேர்கிறது. அருமையான பொருள் கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சம் அவசரத்தை உண்டாக்குகிறது. விற்பவருக்கு இந்த அச்சத்தைவிடச் சிறந்த துணை வேறில்லை.

மேலும், இத்தகைய கார்களை வாங்குவோருள் சிலர் அவற்றின் இயல்பான விசையோடு நிறைவடைவதில்லை. எஞ்சினை இயக்கும் மென்பொருளை மாற்றி எழுதிக் கூடுதல் விசை பெறுகின்றனர். விற்கும் காலத்தில் பழைய நிலைக்கே திருப்பிவிடுகின்றனர். மென்பொருள் திரும்பிவிடும், அந்தக் கூடுதல் அழுத்தத்தைச் சுமந்த டர்போவும் கிளட்சுத் தகடுகளும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம் இழப்பீடு கோரும் நாளில் வழக்காக எழக்கூடும். ஆகவே இத்தகைய காரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, எப்படி ஓட்டப்பட்டது என்பதே பெரிய கேள்வி.

அக்கேள்விக்குரிய விடையில் ஒரு பாதியை வீட்டிலிருந்தபடியே பெறலாம். பதிவுச் சான்றின் இரு பக்கங்களையும், காப்பீட்டுப் பத்திரத்தையும், பணிமனைப் பதிவுகளையும் முதலில் கேட்டு வாங்க வேண்டும். அவற்றை அனுப்பத் தயங்குபவரோடு பேச்சைத் தொடர வேண்டியதில்லை. தெலங்கானா நெடுங்காலம் தனக்கெனத் தனி வாகனப் பதிவேட்டை நடத்தி வந்த மாநிலம். எனவே நாம் பழகிய 'வாகன்' தளத்தில் விவரம் கிடைக்காவிட்டால், அம்மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் தேட வேண்டும். 2014 முதல் அங்கே 'டிஎஸ்' என்று தொடங்கிய பதிவெண்கள் 2024 மார்ச் முதல் 'டிஜி' என்று மாறியுள்ளன; அதற்கும் முற்பட்ட வண்டிகள் 'ஏபி' என்ற எழுத்துகளைத் தாங்கியிருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டு ஐயுற வேண்டியதில்லை. ஐயுற வேண்டியது, பதிவேட்டில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகாதபோதுதான்.

பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த கடமை. "கடனைக் கட்டி முடித்துவிட்டோம்" என்ற சொல் போதாது. கடன் தந்த நிறுவனம் ஒப்பமிட்ட 35ஆம் எண் படிவமும் கடன் தீர்ந்ததற்கான சான்றும் அளிக்கப்பட்டு, அக்குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால் அந்த அளவு தொகையை விற்பவரின் கையில் தராமல், அவருடைய கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்துவது நலம்.

காப்பீட்டுப் பத்திரத்தில் பலரும் காணாது விடும் ஒரு வரி உண்டு: இழப்பீடு கோராமைக்கான சலுகை. இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு வரை அது உயரும். ஒரே உரிமையாளரிடம் பல ஆண்டுகள் இருந்த காரின் பத்திரத்தில் அச்சலுகை சுழியமாக இருந்தால், "விபத்தே நேர்ந்ததில்லை" என்ற கூற்றுக்கு விளக்கம் கேட்க வேண்டும். பத்திரத்தை உரிய காலத்தில் புதுப்பிக்காமையாலும் சலுகை இழக்கப்படலாம் என்பதால், இது தீர்ப்பன்று, கேள்வி மட்டுமே.

தெலங்கானாக் காவல் துறையின் இ-செலான் தளம் இன்னொரு சாட்சி. அங்கே பதிவெண்ணைக் கொண்டு நிலுவை அபராதங்களைப் பார்க்கலாம். ஐதராபாத்தைச் சுற்றி வரும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். அதையும் மீறியதாக ஒரே வண்டிக்கு அடுக்கடுக்காக அபராதங்கள் இருந்தால், அந்த வண்டியின் வாழ்க்கை வரலாற்றைக் காவல் துறையே எழுதிக் கொடுத்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து முழுமையாக இறக்குமதியான கார் என்றால், சுங்கத் தீர்வை செலுத்திய இறக்குமதி ஆவணத்தையும் காண வேண்டும். 2025 மே மாதத்தில் ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு சொகுசுக் கார் விற்பனையாளரை, இறக்குமதி மதிப்பைக் குறைத்துக் காட்டித் தீர்வை ஏய்த்ததாகக் குற்றஞ்சாட்டி வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் கைது செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சோதனைகள் நடத்தி, பூட்டான் வழியாக முறைகேடாகக் கொண்டுவரப்பட்டவை என்று கருதிய கார்களைக் கைப்பற்றியது. இத்தகைய வழக்குகளில் வண்டியை முதலில் இழந்து நிற்பவர், கடைசியாகப் பணம் கொடுத்து வாங்கியவரே.

விலைக் குறைவு எனப்படுவதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். தெலங்கானாக் காரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர, அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கான விண்ணப்பம் 28ஆம் எண் படிவம். உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆகிய எண்களுள்ள படிவங்கள். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியும் செலுத்த வேண்டும். வரி, போக்குவரத்துச் செலவு, நான்கு புதிய டயர்கள் ஆகியவற்றைக் கூட்டியபோது அந்த இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஆனாலும் வண்டி அரியது என்பதால், பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். முன்பணம் அனுப்பவில்லை.

சென்னையில் மாலையில் சார்மினார் விரைவு ரயிலில் ஏறி, மறுநாள் காலை ஐதராபாத்தில் இறங்கினோம். தனியாகத் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக்கை, விற்பவருக்குத் தொடர்பில்லாதவராகப் பார்த்து, முன்கூட்டியே அமர்த்தியிருந்தோம். எஞ்சினை நாங்கள் வரும்வரை இயக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தோம். குளிர்ந்த எஞ்சின் மறைக்காத பலவற்றைச் சூடேறிய எஞ்சின் மறைத்துவிடும்: முதல் சில நொடிகளில் எழும் உலோக ஒலியையும், புகைக்குழாயில் தோன்றும் நீலப் புகையையும் அப்போதுதான் அறிய முடியும்.

மெக்கானிக் அளவுக்கருவியை வைத்து ஒவ்வொரு பலகத்திலும் வண்ணப்பூச்சின் தடிமனைப் பார்த்தார். ஆலையில் பூசியது பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். மறுபூச்சு கண்ட பலகம் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்தார். முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். கணினிக் கருவியை இணைத்துப் பிழைக் குறிப்புகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்றும் பார்த்தார். இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிக்கு 60,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேட்டார், அது இருந்தது. வண்டி நேராக ஓடியது. உறுமலும் இனிதாகவே இருந்தது. மருமகனின் முகத்தில் மகிழ்ச்சி பரவியதைக் கண்டேன்.

கடைசியாக அவர் முன்னிருக்கையைப் பின்தள்ளி, தரைவிரிப்பின் ஓரத்தை உயர்த்தினார். இருக்கையைப் பிணைக்கும் போல்ட்டுகளில் துரு. அவற்றின் அடியில் மாவு போன்ற மெல்லிய வண்டல். கடல் அருகில் இல்லாத வறண்ட ஊரில், கூரையின் கீழ் நின்ற வண்டிக்கு அந்தத் துரு எங்கிருந்து வந்தது? பணிமனை ரசீதுகளை மீண்டும் புரட்டினோம். 2020 நவம்பர் மாத ரசீது ஒன்றில் மின்கம்பித் தொகுதி, தரைவிரிப்புகள், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் ஒரே நாளில் மாற்றப்பட்டிருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 13, 14 தேதிகளில் பெய்த பெருமழையில் ஐதராபாத்தின் பல குடியிருப்புகள் நீரில் நின்றன; அந்நகர மக்கள் 'செல்லார்' என்றழைக்கும் நிலத்தடி நிறுத்துமிடங்களில் கார்கள் மூழ்கின. இந்தக் காரும் அவற்றுள் ஒன்று என்பதில் எங்களுக்கு ஐயம் எஞ்சவில்லை.

விற்பவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2022இல் இரண்டாம் உரிமையாளராக வாங்கியவர் அவர். அந்த ரசீதை அவர் ஒருபோதும் படித்துப் பார்க்கவில்லை. அவர் முகம் வாடியதைக் காண வருத்தமாகவே இருந்தது. பொய்யைத் தடுமாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். தாம் அறியாததை நம்பிக்கையோடு சொல்பவரிடம் அத்தகைய தடுமாற்றம் இராது. தொலைபேசியில் எத்தனை முறை பேசினாலும் அந்த வண்டல் நமக்குத் தெரிய வந்திராது.

விலையை இன்னும் குறைப்பதாக அவர் சொன்னார். மருமகன் சற்றே தயங்கினான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் அறிவுள்ளவரையும் அசைக்கும். ரயில் கட்டணம், தங்கும் செலவு, மெக்கானிக்கின் ஊதியம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது சுமார் 11,000 ரூபாய். அந்தத் தொகை எப்படியும் போய்விட்டது. அதைக் காப்பாற்றுவதற்காகப் பல லட்சங்களைப் போடுவது கணக்காகாது என்றேன். முன்பணமும் கொடுத்திருந்தால் அந்த முடிவை எடுப்பது இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

காணொலி வழியே காட்டச் சொன்னால் போதாதா, பரிசோதனை நிறுவனங்கள் உள்ளனவே, வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பாரே என்று வாசகர் கேட்கலாம். அவை யாவும் பயனுள்ளவை. தகுதியற்ற வண்டிகளை வீட்டிலிருந்தே கழித்துவிட உதவுபவை. ஆனால் காணொலியின் கோணத்தைத் தேர்பவர் விற்பவர். வங்கியின் மதிப்பீட்டாளர் கடனுக்கு அந்த வண்டி போதிய ஈடாகுமா என்று பார்க்கிறாரே அன்றி, டர்போ இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பார்ப்பதில்லை. அவருடைய அறிக்கையை வாங்குபவரின் பாதுகாப்பாகக் கொள்வது பொருத்தமன்று.

பணம் செலுத்தும் நாளிலும் சில நெறிகள் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறொருவர் கணக்குக்கு, எத்தகைய காரணம் கூறினாலும் அனுப்பலாகாது. இராணுவத்தில் பணியாற்றுவதாகச் சொல்லி, காணாத வண்டிக்கு முன்பணம் பெறும் மோசடி நாடெங்கும் அறியப்பட்டது. அவ்வாறு இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து முறையிட வேண்டும். நம் வாசகர்களுள் விற்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். பதிவேட்டில் பெயர் மாறும்வரை விபத்துப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. சாவியைக் கொடுத்ததோடு கடமை முடிவதில்லை.

அன்று மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது. சௌமகல்லா அரண்மனைக்குச் சென்றோம். ஆறாம் நிஜாம் விரும்பிக் கேட்டு, அவர் மறைந்த பிறகு வந்து சேர்ந்த 1912ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் அங்கே மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. அரச விழாக்களுக்கு மட்டுமே எடுக்கப்பட்டதால், நூறாண்டுகளுக்கு மேலாகியும் அது மிகக் குறைந்த தொலைவே ஓடியிருக்கிறது. "இவ்வளவு குறைவாக ஓடியது என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்புவீர்களா, மாமா?" என்றான் மருமகன். யார் வீட்டில், யார் காவலில், எதற்காக நின்றது என்பது இந்த வண்டிக்குத் தெரியும். அதனால் நம்பலாம் என்றேன்.

அவன் இன்னும் கார் வாங்கவில்லை. பணம் வைப்பு நிதியில் இருக்கிறது. சென்ற மாதம் கோயம்புத்தூரில் நிற்கும் ஒரு வண்டியின் ஆவணங்களைக் கேட்டு எழுதியிருக்கிறான். அதற்கான ரயில் கட்டணத்தை இம்முறை அவனே முதலில் ஒதுக்கி வைத்துவிட்டான்.