கருவியின் வாயை அடைக்க வேண்டாம்



தசரா முடிந்த மறுநாள் காலையில் குலசேகரன்பட்டினம் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு லட்சக்கணக்கான ஜனங்கள் கலைந்து போன மணலில் என்னதான் கிடக்காது? வேஷக்காரர் கிரீடத்திலிருந்து உதிர்ந்த தகடு, சலங்கை மணி, பந்தல் கடைகளைப் பிரித்தபோது சிந்திய ஆணி, சோடா மூடி, சிகரெட் பெட்டி அலுமினியத் தாள், சில்லறைக் காசு. இவற்றுக்கு நடுவே எங்கோ ஒரு கம்மலும் மூக்குத்தியும் தாலிக் குண்டும் கிடக்கும். தொலைத்தவர்கள் கண்ணீரோடு முதலில் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். "அண்ணாச்சி, யாராவது எடுத்துக் கொடுத்தாங்களா?" என்று கேட்பார்கள்.

இதை மனதில் வைத்துத்தான் சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, உலோகம் கண்டறியும் கருவி ஒன்றை வாங்கினோம். வாசலில் நின்று ஆட்களைத் தடவிப் பார்க்கும் சிறிய கருவி அல்ல. நீளத் தண்டும் அடியில் வட்டத் தட்டும் உள்ள, மணலில் துழாவுகிற கருவி. வாங்கியது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சென்ற தசராவுக்குப் பின் நடந்த நமது முதல் தேடுதல் சரியாக நடக்கவில்லை. கருவியில் குறையில்லை, பிசகு நம்முடையது. கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தபோது நேரமில்லை என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். முதல் அரை மணி நேரம் கருவி அடிக்கு ஒருமுறை கத்தியது. தோண்டத் தோண்ட ஆணியும் மூடியும் வந்தன. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "பழைய இரும்புக் கடை போடப் போறீகளா?" என்று கேட்டுவிட்டார். நம் இளைஞர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. தாழ்ந்த ஒலியையும் நடு ஒலியையும் அடைத்துவிட்டு, உச்ச ஒலிக்கு மட்டும் கத்தும்படி திருகி வைத்தார்கள். அப்புறம் கருவி சாதுவாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் கடற்கரை முழுவதையும் அளந்து, ஒரு கொலுசும் சில காசுகளும் எடுத்து, "வேறொன்றும் இல்லை" என்று முடித்துவிட்டோம்.

சாத்தான்குளம் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாள் கம்மல் இரண்டையும் தொலைத்திருந்தார். பீடி சுற்றிச் சேர்த்த காசில் வாங்கியது. ஒவ்வொன்றும் ஒரு கிராம். நாங்கள் இல்லை என்று சொன்ன நான்காம் நாள், கடலை விற்கும் பெரியவர் தம் கடைப் பலகையைத் தூக்கியபோது, இரண்டு விரல் ஆழத்தில் ஒரு கம்மல் அகப்பட்டது. பலகையை ஒட்டித்தான் நாம் கருவியோடு நடந்து போயிருந்தோம்.

அந்தக் கம்மலை அன்றே கருவியின் தட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். நாம் வைத்திருந்த அமைப்பில் சத்தமே இல்லை. அடைப்பை எடுத்துவிட்டு வைத்தேன். நடு ஒலியில் மெல்லக் குரல் கொடுத்தது.

காரணம் வியாபாரிக்குப் புரியாத விஷயமல்ல. தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் காந்தப் புலத்தை வீசுகிறது. அது உலோகத்தில் பட்டால் உலோகத்துக்குள் சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைத்தான் கருவி கேட்டு ஒலியாக மாற்றித் தருகிறது. இரும்புக்குத் தாழ்ந்த குரல்; வெள்ளி, செம்பு போன்றவற்றுக்கு உச்சக் குரல். சிறிய தங்க நகையோ அலுமினியத் தாள் பேசுகிற அதே நடுக் குரலில்தான் பேசும். இரண்டையும் காதால் பிரிக்க முடியாது. மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். கருவிக்கு அது ஒரே பொருளாகத் தெரியாமல் கண்ணி கண்ணியாகத் தெரிவதால் குரல் தேய்ந்துவிடும். தாளை ஒதுக்கினால் கம்மலும் ஒதுங்கும். கல்லை நீக்குகிறேன் என்று பெரிய கண் சல்லடையில் பயறு சலித்தால் எது கீழே போகும் என்று நமக்குத் தெரியாதா? இது போதாதென்று, தட்டையான எஃகு சில சமயம் வெள்ளி போல உச்சக் குரல் கொடுத்து ஏமாற்றவும் செய்யும். இன்றைய ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும் எஃகுதான்.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து, டெலிபோன் குழாயைக் காதில் வைத்துக் குண்டைத் தேடினார். எங்கே வைத்தாலும் இரைச்சல். படுக்கையிலிருந்த கம்பிச்சுருள்தான் குழப்பியது என்று பின்னர் சொன்னார்கள். குண்டு அகப்படவில்லை. செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார்.

நம் மணலுக்கும் ஒரு குணம் உண்டு. இந்தக் கரையோரத்தில் இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட் என்ற கருமணல் உண்டு. ஈர மணலில் உப்புநீர் வேறு. உப்புநீரில் மின்சாரம் பாயும். இரண்டும் சேர்ந்து, ஒன்றுமில்லாத இடத்திலும் கருவியைக் கத்த வைக்கும். அங்கே குறைக்க வேண்டியது சென்சிட்டிவிட்டியை; மண்ணுக்குத் தக்கபடி சமன் செய்யும் பொத்தானையும் அழுத்த வேண்டும். ஒலி வகைகளை அடைப்பது இதற்கு மருந்தல்ல. காய்ந்த மணலுக்கு வந்ததும் சென்சிட்டிவிட்டியைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும். நம்மவர்கள் ஏற்றவில்லை.

இன்னொன்று, வால்யூம் வேறு, ரெஸ்பான்ஸ் வேறு. வால்யூம் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டும். ரெஸ்பான்ஸ் என்பது ஆழத்திலிருந்து வரும் பலவீனமான குரலை எவ்வளவு தூக்கிக் கொடுப்பது என்பது. அதைக் கடைசிவரை தூக்கினால் மேலே கிடக்கும் மூடியும் ஆழத்துக் கம்மலும் ஒரே மாதிரிக் கத்தும், ஆழம் பிடிபடாது. நடுவுக்குச் சற்று மேல் வைத்தபோது எனக்குச் சரியாக வந்தது. அலை இரைச்சலில் மெல்லிய குரல் காதில் விழாது என்பதால் ஹெட்போன் கட்டாயம் வேண்டும். ஜனங்கள் கேலி செய்வதும் அதோடு நின்றுவிடும்!

எல்லா ஒலியையும் திறந்துவிட்டால் வேலை பத்து மடங்காகுமே என்று பொருளாளர் அண்ணாச்சி கேட்கிறார். ஆகத்தான் செய்யும். முதல் நாள் கயிற்றில் காந்தம் கட்டி மணலில் இழுத்து ஆணியையும் மூடியையும் பொறுக்கிவிட்டால் பாதிச் சத்தம் அடங்கும். மீதிக்குக் கடற்கரை முழுவதையும் தேட வேண்டியதில்லை. தொலைத்தவர் நின்ற இடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அங்கே மட்டும் கயிறு கட்டித் தேடலாம்.

கிடைக்கும் நகையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிப் பேரேட்டில் ஒட்ட வேண்டும். இது பழைய துறைமுக ஊர். புதையல் என்று சொல்லத்தக்க பழங்காசு அகப்பட்டால், 1878ஆம் வருடச் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யாரும் கல்லாப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம்.

ஜோடியில் மற்றக் கம்மல் இன்னும் கிடைக்கவில்லை. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடலைக் கடை இருந்த இடத்தில் மறுபடி தேடப் போகிறேன். கருவியைப் பொருளாளர் அண்ணாச்சி தந்துதவ வேண்டும். வர இயன்றவர்கள் கடையிலிருந்து ஆளுக்கொரு சல்லடை கொண்டு வரவும்.