ஒரு கல்தச்சரும் ஒரு லாரி ஓட்டுநரும்

நம் கெடாவின் பாடாங் செராய்ப் பக்கம் போனால் விக்டோரியா தோட்டம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கும் அதே பெயர்தான். மகாராணியின் பெயரா, யாரோ ஒரு துரைசாணியின் பெயரா என்பது வைத்த கம்பெனிக்காரனுக்கே வெளிச்சம். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் அதே பெயரில் ஒரு காலனி இருந்தது. இன்று அது ஒரு மாநிலம். மெல்பர்ன் அதன் தலைநகர். இந்த இதழுக்குத் தலையங்கம் எழுத உட்கார்ந்தபோது மனம் அந்த விக்டோரியாவுக்குத்தான் ஓடியது. காரணம் ஒரு கல்தச்சர்.

சார்ல்ஸ் ஜார்டின் டான் ஸ்காட்லாந்தில் பிறந்து மெல்பர்னுக்குக் கப்பலேறியவர். கல் பொளிப்பது அவர் தொழில். அங்கே 1856 ஏப்ரல் 21 அன்று பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு, அப்போது எழும்பிக்கொண்டிருந்த நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை செய்வோம் என்றார்கள். கூலி குறையாமல் அதை வாங்கியும் விட்டார்கள். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று முதலாளி எட்டிப் பார்க்க முடியாத ரகசிய வாக்குச்சீட்டு விக்டோரியாவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1859ல், காலிங்வுட் தொகுதிக்காரர்கள் டானைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

அன்று உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. ஆட்டுமந்தையும் நிலமும் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு கவலையே இல்லை. டானுக்கு அடுப்பு எரிய வேண்டும். பகலில் கல் பொளித்தார், இரவில் மன்றத்தில் உட்கார்ந்து சட்டம் பேசினார். மன்றக் கட்டடத்துக்கே பகலில் கல் பொளித்தார் என்றும் சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், நல்ல கதை. 1864ல் தோற்றார். 1866ல் ஐம்பது வயதைத் தொடாமலே செத்துப்போனார்.

அவர் போன பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. உறுப்பினருக்கு ஆண்டுக்கு 300 பவுன் என்று விக்டோரியா 1870ல் ஏற்றுக்கொண்டது. நியூ சவுத் வேல்ஸ் 1889ல் வழிக்கு வந்தது. அடுத்த ஆண்டு கப்பல் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் ஆட்டுரோமம் கத்தரிப்பவர்களும் சேர்ந்து நடத்திய பெரிய வேலைநிறுத்தம் படுதோல்வி அடைந்தது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. கட்சி கட்டி, 1891 தேர்தலில் நியூ சவுத் வேல்ஸ் மன்றத்தில் 35 இடங்களைப் பிடித்தார்கள். நேற்றுவரை சுரங்கத்துக்குள் இறங்கியவன் இன்று பச்சை மெத்தையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனுக்குச் சம்பளமும் வந்தது.

கைதட்டுவதற்குமுன் கொஞ்சம் பொறுங்கள். அந்த மன்றங்கள் நம்மைப் பற்றியும் சட்டம் எழுதின. குயின்ஸ்லாந்து 1885ல் இயற்றிய தேர்தல் சட்டம், ஆஸ்திரேலிய ஆதிகுடிகளோடு இந்தியா, சீனா, தென்கடல் தீவுகளின் மக்களையும் சேர்த்து, சொந்த நிலம் வைத்திருந்தாலொழிய வாக்காளர் பட்டியலில் இடமில்லை என்றது. காலனிகள் ஒன்றுசேர்ந்து ஒரே நாடான பிறகு 1902ல் வந்த வாக்குரிமைச் சட்டம் ஆசியாக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கதவைச் சாத்தியது. எட்டு மணி நேர வேலைக்குப் போராடிய அதே தொழிலாளர் இயக்கம்தான் கறுப்புக் கூலி வேண்டாம் என்று உரக்கக் கத்தியதும். கல்தச்சரின் வழி வந்தவர்களுக்கு நம் பாட்டன் தொழிலாளியாகத் தெரியவில்லை, கூலியைக் கெடுக்க வந்தவனாகத்தான் தெரிந்தான்.

இந்த அநியாயத்தைக் கேட்கப் போனவர் நம்மூர்க்காரர். வலங்கைமான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1922ல் ஆஸ்திரேலியா போய், அங்கே குடியேறிய இந்தியருக்கு ஓட்டு வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1925ல் சட்டம் திருத்தப்பட்டது. அதே சாஸ்திரியார் 1936 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார், தோட்டத்து இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய. மறு ஆண்டு வந்த அவருடைய அறிக்கை, பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்ட நாட்கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழையபடி கொடுக்கச் சொன்னது. கூலியாட்களை இங்கே அனுப்புவதை நிறுத்தக் காரணம் இல்லை என்றும் சொன்னது. மலாயா மத்திய இந்தியர் சங்கத்தாருக்கு அந்த அறிக்கை கசந்தது. மெல்பர்னில் ஓட்டு கேட்ட அதே வாய் இங்கே காசுக் கணக்கோடு நின்றுவிட்டதே என்பது நம்முடைய வருத்தம். சில ஆயிரம் இந்தியர் இருந்த நாட்டில் வாக்குரிமை, பல லட்சம் இந்தியர் இருந்த நாட்டில் கூலி!

வாக்குரிமை கேட்கத்தான் மலாயாவில் என்ன மன்றம் இருந்தது என்று கேட்கலாம். நியமன மன்றங்கள் இருந்தன. பினாங்கின் பி. கே. நம்பியார் 1924ல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் முதல் இந்தியராக நியமிக்கப்பட்டார். 1920களின் கடைசியில் கோலாலம்பூரின் வீராசாமி கூட்டரசு மன்றத்துக்குள் போனார். இருவரும் வழக்கறிஞர்கள். இருவரையும் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல. சரி, அதையாவது கெடா கண்டதா? சுங்கை மூடா ஆற்றுக்கு அந்தக் கரையில் நம்பியார் பேசினால் அது செபெராங் பிறையோடு நின்றது. ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்தது, 1909ல் சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ்காரன் கைக்கு மாறிய தனி மாநிலம். 1905ல் தொடங்கிய அதன் மாநில மன்றத்தில் அரச குடும்பத்தாரும் மேலதிகாரிகளும் இருந்தார்கள். பிறகு ஆங்கிலேய ஆலோசகரும் வந்து அமர்ந்தார். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பால் வெட்டியவனுக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமே மன்றம், துரையே சபாநாயகர். கூலியை முடிவு செய்தது 1907ல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழு. அதில் தோட்ட முதலாளிகளுக்கு நாற்காலி இருந்தது, வாளி தூக்கியவனுக்கு இல்லை.

இங்கேதான் நம் லாரி ஓட்டுநர் வருகிறார். பீடோங்கை ஒட்டிய ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்திருந்த நேரம். இந்திய தேசிய ராணுவத்தில் கவாத்துப் பழகிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய இளைஞர்கள் ஏராளம். அவர்களையும் சேர்த்துச் சாமி தொண்டர் படை திரட்டினார். கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல். சம்பளத்தன்று குடித்துவிட்டு வந்தவனை லயத்து வாசலிலேயே நிறுத்திக் கேள்வி. வழக்கு வம்பு என்றால் கங்காணியிடம் போகாமல் தங்களுக்குள்ளேயே பஞ்சாயத்து. துரைமாருக்கு இது கள்ளு விவகாரமாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம். கூட்டம் கூடி, பேசி, முடிவெடுத்து, அந்த முடிவுக்கு எல்லோரும் கட்டுப்படுவதற்கு வேறு பெயர் இருக்கிறதே! 1947 மார்ச்சில் பீடோங்கிலும் ஏப்ரலில் டப்ளின் தோட்டத்திலும் போலீஸ் பாய்ந்தது. டப்ளினில் துப்பாக்கி வெடித்தது, உயிர் போனது.

டானுக்கும் சாமிக்கும் இடையே எண்பது தொண்ணூறு ஆண்டுகள். இருவரும் கையால் உழைத்தவர்கள், இருவரும் தம் ஆட்களைக் கூட்டத் தெரிந்தவர்கள். காலிங்வுட்டில் ஒரு வாக்குப்பெட்டி இருந்தது, பீடோங்கில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1948ல் மலாயாக் கூட்டரசு பிறந்தது. அதன் சட்டமன்றத்தில் அதிகாரிகளும் மந்திரி பெசார்களும் போக 50 நியமன இடங்கள். மலாய்க்காரருக்கு 22, சீனருக்கு 14, ஐரோப்பியருக்கு 7, இந்தியருக்கு 5, சிலோன்காரருக்கு 1, யுரேசியருக்கு 1. நாடு முழுவதும் சேர்த்து விரல்விட்டு எண்ணிய வெள்ளைக்காரர்களுக்கு நம்மைவிட இரண்டு நாற்காலி கூட. தொழிற்சங்கத்திலிருந்து பி. பி. நாராயணன் உள்ளே போனார். படித்தவர், கெட்டிக்காரர், 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதற்கு அவர் உழைப்பு பெரிது. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் கூட்டரசு பிறந்த அதே ஆண்டில்தான் அவசரகாலம் வந்தது, சங்கங்கள் கலைக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். மன்றத்துக்கு யார் வரலாம் என்பதை அரசாங்கம் இரண்டு வகையில் முடிவு செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பொதுத்தேர்தல் 1955 ஜூலை 27ல். 52 இடங்களில் கூட்டணிக் கட்சி 51. துங்கு அப்துல் ரஹ்மான் வென்றது நம் சுங்கை மூடாத் தொகுதியில். கூட்டணியில் இருந்த மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) நின்ற இரண்டு இடங்களிலும் வென்றது: சுங்கை சிப்புட்டின் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை வீ. தி. சம்பந்தனும், பத்து பகாட்டில் வழக்கறிஞர் செல்வசிங்கம் மெக்கின்டையரும். வாக்காளர் பட்டியலில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கே இருந்தார்கள். மற்ற இந்தியரில் பலருக்குக் குடியுரிமையே கிடைக்கவில்லை.

எங்கள் பாட்டி முதல்முறை ஓட்டுப் போட்ட கதையை அப்பா அடிக்கடி சொல்வார். காலையில் தோட்டத்து லாரி லயத்து முன்னால் வந்து நின்றதாம். கிராணியார் ஏறி நின்று, "கப்பல் படத்தைப் பார்த்துப் பெருக்கல் குறி போடுங்க" என்றாராம். கூட்டணியின் சின்னம் பாய்மரக் கப்பல். "வந்ததும் கப்பலு, போடறதும் கப்பலு" என்று பாட்டி முணுமுணுத்துக்கொண்டே ஏறினாராம். வேறு யாராவது வந்து ஓட்டுக் கேட்டார்களா என்று அப்பாவைக் கேட்டிருக்கிறோம். தோட்டம் தனியார் நிலம், கூட்டம் போடத் துரையின் அனுமதி வேண்டும், அனுமதி யாருக்குக் கிடைக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

முதலாளி வீட்டுப் பிள்ளை தொழிலாளிக்கு ஒன்றும் செய்யமாட்டார் என்று நாம் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் நடுத்தெருவில் நின்றபோது, 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அந்தச் சம்பந்தன்தான். பால்மரக்காரர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டினார்கள், சங்கம் தோட்டம் வாங்கியது. முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. அந்தப் பெருமை அவருக்குப் போகட்டும். நாம் கேட்பது வேறு. பத்து வெள்ளி கட்டிய ஒருவரையாவது மன்றத்துக்கு நிறுத்த வேண்டும் என்று எந்தக் கட்சிக்காவது தோன்றியதா?

டானை வாட்டிய சம்பளப் பிரச்சினை இன்று இல்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாதம் 16,000 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. தாராளமாக நிற்கலாம், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் செம்பனைக் குலை வெட்டுபவரையோ சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணையோ வேட்பாளராக நிறுத்த ஆள் இல்லை. 2009 ஏப்ரலில் புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலில் 15 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு துண்டு மாதிரி நீண்டது. அந்தப் பதினைந்தில் எத்தனை பேர் வாளி தூக்கியவர்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. ஒய்.பி. என்று நாம் கூப்பிடும் உறுப்பினர் வந்தால் மாலை, பொன்னாடை, ஆளுயர மாதிரிக் காசோலை; அதைப் பிடித்துக்கொண்டு படம். இதற்குப் பழகிவிட்டோம்.

ஏணியின் அடிப்படியை எடுத்துவிட்டதும் ஒரு காரணம். நகராட்சித் தேர்தல்கள் 1965ல் நிறுத்தப்பட்டன, 1976ன் உள்ளாட்சிச் சட்டம் அவற்றைக் குழிதோண்டிப் புதைத்தது. இன்று கவுன்சிலர் என்பவர் கட்சிப் பங்கீட்டில் நியமனம் பெறுபவர். 1924ல் நம்பியார் உள்ளே போன அதே வாசல். சாக்கடை அடைப்பையும் தெருவிளக்கையும் பேசிப் பழகித்தான் ஒரு லாரி ஓட்டுநர் சட்டமன்றம்வரை வர முடியும். உள்ளாட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் குரலில் தமிழர் குரல் மெலிந்து கேட்பது நமக்கு விளங்கவே இல்லை.

குடியுரிமை இல்லாததால் ஓட்டே இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களும் இன்னும் இருக்கிறார்கள். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில் சுமார் 60,000 பேர் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் சிலர் இதே மண்ணில் கிழமாகி, ஒருமுறைகூட ஓட்டுப் போடாமல் கண்மூடினார்கள். அவர்களுக்காகத் தனி இதழே போட வேண்டும், போடுவோம்.

இந்த இதழுக்கு ஒரு காரியம் மட்டும். டானைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் வாழ்க்கை வரலாற்று அகராதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏ. எம். சாமியைப் பற்றி ஆய்வாளர்களின் புத்தகங்களில் சில பக்கங்கள் உண்டு, அவையும் ஆங்கிலத்தில். ஹார்வார்ட், டப்ளின், பீடோங் பக்கத்து வாசகர்களே, தொண்டர் படையில் இருந்த தாத்தாவோ, மறியலைப் பார்த்த பாட்டியோ உங்கள் வீட்டில் சொன்னது ஏதாவது நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். பழைய படம் இருந்தால் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். எழுத வராதவர்கள் நேரில் வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.