விலை பேசுமுன் ஓர் ஒத்திகை

கல்லூரி நாடகம் ஒன்றிற்கு ஒரு மாத காலம் ஒத்திகை பார்க்கின்றோம். அரைமணி நேரக் காட்சிக்கு அத்தனை பாடு! இரண்டு மூன்று மாதம் வெயிலிலே நின்று விளைவித்த பொருளை விலை பேசச் செல்பவரோ, சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு புறப்பட்டு விடுகின்றார்.

நம்மிடம் முன்னர் பயின்ற இளைஞர் ஒருவர் சென்ற மாதம் நம் இல்லம் வந்தார். தந்தையார் இல்லாத குடும்பம். தாயாரின் காப்புச் சோடிகள் இரண்டையும் அடைவு வைத்து விதை வெங்காயம் நட்டிருந்தார். 1,000 கிலோ தேறியிருந்தது. மறுவாரம் மொத்த வியாபாரி ஒருவரைக் காணவேண்டும்.

"கிலோ 220 ரூபா கேட்பேன், சேர்" என்றார்.

"அவர் 200 என்றால்?"

விடையில்லை.

அன்று மாலை விறாந்தையில் நாமே வியாபாரியானோம். "220 தருவோம் தம்பி, வழக்கமான கழிவு உண்டு" என்றோம். முகமலர்ந்து தலையசைத்தார். 100 கிலோவுக்கு 10 கிலோவைக் கழித்துக் காசு கொடுக்கும் இவ்வழக்கத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நெடுங்காலம் முறையிட்டு வந்திருக்கின்றனர். அதை அறியாதவரல்லர் அவர். ஆயினும் அக்கணத்தில் மறந்துவிட்டார். தாளும் பென்சிலும் கொடுத்தோம். 900 கிலோவுக்கே காசு. ஆக 198,000 ரூபா. கழிவின்றி 205 ரூபாவுக்கு விற்றாலோ 205,000. பெரிய விலையென்று மகிழ்ந்து 7,000 ரூபாவை இழந்திருப்பார்.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த நம் இல்லாளுக்கு நமது நடிப்புத் திருப்தி தரவில்லை. "வியாபாரி இப்படிப் பாடம் படிப்பிப்பாரோ?" என்று கூறி, மறுநாள் அப்பாத்திரத்தைத் தாமே ஏற்றார். ஒரு வெங்காயத்தை நசுக்கிப் பார்த்து, "ஈரம் காயவில்லையே" என்றார். அதன்பின் வாய் திறக்கவில்லை. அரை நிமிடம் சென்றது. "சரி, 190 தாருங்கள்" என்றார் நம் மாணவர். குறைக்கும்படி எவரும் கேட்கவில்லை! அந்த மௌனத்தைத் தாங்கப் பழகுவதற்கே இரண்டு மாலைப் பொழுதுகள் வேண்டியிருந்தன.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஜர் பிஷரும் வில்லியம் யூரியும் பேரம் பேசுதல் பற்றி 1981இல் ஒரு நூல் வெளியிட்டனர். பேச்சு முறிந்தால் நமக்கு எஞ்சும் வழி யாதென முன்னரே ஆராயவேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்தியவற்றுள் ஒன்று. நம் மாணவருக்கு எஞ்சிய வழி, வெங்காயத்தைப் பிடிகட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டு, அடுத்த போகத்தில் விதைக்கு விற்பது. ஆனால் அடைவுக்கு வட்டி ஏறும்; சிறிது பழுதாகவும் கூடும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பாதியை மாத்திரம் வைத்திருக்கலாம் என்று தெரிந்தது.

இறுதி நாளில் அவரையே வியாபாரியின் கதிரையில் இருத்தினோம். அங்கிருந்து பார்த்தபோதுதான் ஈரம் என்னும் சொல் வெறும் சாட்டன்று, லொறியில் அழுகிப் போகுமென்ற மெய்யான அச்சமுங்கூட என்பது அவருக்குப் புலப்பட்டது. வீடு சென்று வெங்காயத்தை மேலும் இரண்டு நாள் உலர்த்தினார்.

இத்தனை ஒத்திகைக்கும் பிறகு, வியாபாரி முதலிற் கேட்ட கேள்வி நம்முள் எவர்க்கும் தோன்றாதது: "தம்பி, நீர் ஆருடைய மகன்?" சற்றுத் தடுமாறித்தான் விடையளித்தாராம். விலைப் பேச்சு வந்தபோது தடுமாறவில்லை. 500 கிலோ, கழிவின்றி 210 ரூபாவுக்குப் போயிற்று. ஒரு சோடிக் காப்பு வீடு வந்துவிட்டது. மற்றச் சோடி இன்னும் அடைவிலே. மீதி வெங்காயம் கொட்டிலில் தொங்குகின்றது.